நூறு குரல் பேசும் பெட்டி: மின்கித்தார் வாங்கும் இல்லத்தாருக்கு

மின்கித்தார் தனித்து நின்று ஒலிக்கும் கருவியன்று. சாதாரணக் கித்தாரை மடியில் வைத்து மீட்டினால், அதன் வெற்றுடலுக்குள் காற்று அதிர்ந்து கூடம் முழுவதும் நாதம் பரவுகிறது. மின்கித்தாரின் உடலோ பெரும்பாலும் கெட்டியான மரப்பலகை. அதனை வெறுமனே மீட்டினால் எழுவது கொசுவின் ரீங்காரம் போன்ற மெல்லொலியே. ஆகவே, பிறந்த நாளை முன்னிட்டோ தேர்வில் வெற்றி பெற்றதற்காகவோ மகனுக்கு அல்லது மகளுக்கு மின்கித்தார் வாங்கித் தந்த பெற்றோர், தாம் வாங்கியது கருவியின் பாதியை மட்டுமே என்பதை ஒரு வாரத்திற்குள் அறிந்துகொள்கின்றனர். மற்றப் பாதியின் பெயர் ஆம்ப்ளிஃபயர்.

கடைக்குச் சென்று அதனைக் கேட்டால், இந்நாளில் முதலில் எடுத்துக் காட்டப்படுவது ‘டிஜிட்டல் மாடலிங்’ வகையைச் சேர்ந்த பெட்டியாகவே இருக்கும். பலகுரல் கலைஞர் ஒருவர் மேடையேறி, நடிகர் குரலிலும் தலைவர் குரலிலும் மாறி மாறிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். இப்பெட்டியும் அத்தகைய கலைஞனே. புகழ்பெற்ற பழைய ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியைக் கணக்கிட்டுப் போலச் செய்து காட்டுவது அதன் தொழில். விற்பவரும் எண்ணிக்கையைச் சொல்லியே தொடங்குவார்: இதில் நாற்பது ஆம்ப்ளிஃபயர்கள் அடக்கம், அதில் நூறு அடக்கம் என்று. கேட்கும் பெற்றோருக்கு எண் பெரிதாக உள்ளதே சிறந்தது என்று தோன்றுவது இயல்பு.

நம் கருத்து அதற்கு மாறானது. இப்பெட்டியை ஓர் இல்லம் வாங்குவதற்குத் தக்க காரணம் ஒன்றே ஒன்று. உரத்த ஒலியின் சுவையை, உரத்த ஒலியின்றியே தருகிறது என்பதுதான் அது. இதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கித்தாரின் எஃகுத் தந்திகளுக்குக் கீழே பிக்கப் எனப்படும் சிறு உறுப்பு ஒன்று உள்ளது. காந்தத்தைச் சுற்றி, தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியமைத்தது அது. தந்தி அசையும்போது காந்தப் புலம் கலைந்து, சுருளில் மிக நுண்ணிய மின்னலை எழுகிறது. அதனைப் பன்மடங்கு பெருக்கி ஸ்பீக்கரை அசைப்பதே ஆம்ப்ளிஃபயரின் வேலை. 1930களில் அமெரிக்காவில் மின்கித்தார் விற்பனைக்கு வந்தபோது, ஊதுகருவிகள் நிறைந்த குழுவில் கித்தாரின் குரல் அமிழ்ந்துபோகாதிருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பாக இருந்தது. அக்கால ஆம்ப்ளிஃபயர்கள் வால்வுகளால் இயங்கின. வால்வு ரேடியோவின் குமிழைத் திருகிவிட்டு, உள்ளே செந்நிற ஒளி படரும் வரை பொறுமையோடு காத்திருந்த நினைவு நம் மூத்த வாசகர்களுக்கு இருக்கும். அதே வால்வுதான் இதுவும்.

வால்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதன் ஆற்றலுக்கு மேல் குமிழைத் திருகினால், மேலும் உயர இயலாத ஒலியலையின் முகடு மழுங்கிப்போகும். மழுங்கிய அலையில், தந்தி எழுப்பிய சுரத்தோடு புதிய மேற்சுரங்கள் பல சேர்ந்துவிடுகின்றன. பொறியாளர் இதனைச் சிதைவு என்று குறித்து, தவிர்க்கப் பெரிதும் முயன்றனர். இசைஞர்களோ அதிலே ஒரு புதையலைக் கண்டனர். சிதைந்த ஒலி விரைவில் மங்காமல் நீண்டு நின்றது. வயலினைப் போல இழைந்தது. மனிதக் குரலைப் போலத் தழுதழுத்தது. 1950களிலிருந்து இன்றுவரை நாம் கேட்டுவரும் ராக் இசையின் கித்தார் ஒலியில் பெரும்பகுதி, பொறியாளர் தவிர்க்க விரும்பிய இக்குறையிலிருந்தே பிறந்தது.

இங்கேதான் இல்லத்தாரின் தொல்லை தொடங்குகிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர் அந்த இனிய சிதைவை இலவசமாகத் தருவதில்லை. அதனைத் தன் எல்லை வரை உந்தினாலன்றி அச்சுவை பிறவாது. இருபது வாட் ஆற்றலுள்ள வால்வுப் பெட்டியை எல்லை வரை திருகினால், வீட்டில் எவரும் பேச இயலாது; அண்டை அயலாரும் உறங்க இயலாது. குமிழைக் குறைத்தாலோ ஒலி தெளிவாகிவிடும். பிள்ளை தேடும் சுவை மறைந்துவிடும். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே எழும் பூசல்களில் ஒன்றுக்கு இவ்வாறு மின்னியலே காரணமாகிறது என்றால் மிகையன்று.

போலச் செய்யப்படும் அந்த மூலப் பெட்டிகள் யாவை? நூறு என்று எண்ணினாலும் அவை பெரும்பாலும் நான்கு குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்த்து வந்த லியோ பெண்டர் என்பவர் உருவாக்கிய பெட்டிகள் முதற் குடும்பம். பளிங்கு போன்ற தெளிவும், சற்றே உள்வாங்கிய நடுச்சுரங்களும் அவற்றின் அடையாளம். இரண்டாவது, இங்கிலாந்தின் டார்ட்போர்டில் 1960ஐ ஒட்டித் தோன்றிய வாக்ஸ் ஏசி 30. பீட்டில்ஸ் குழுவினர் தம் முற்காலத்தில் பயன்படுத்திய இது மணியோசை போன்று கணீரென்று ஒலிப்பது. மூன்றாவது, மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல் என்பவருடையது. நடுச்சுரங்கள் முன்னே வந்து உறுமும் ஒலி அது. நான்காவது, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவின் ராண்டல் ஸ்மித் தம் மீசா பூகி பெட்டிகளில் தொடங்கிவைத்த வழி. பெருக்கத்தைப் பல படிகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சிதைவை மிகுவிப்பது இதன் முறை. பின்னாளில் வன்மையான ராக் இசைக்கென வந்தவை பலவும் இவ்வழியில் நடந்தவையே.

புதிய பெட்டிகளின் முகப்பில் இப்பெயர்களைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கா. பிறர்க்கு உரிமையான வணிகப் பெயரை அச்சிட இயலாதாகையால், ‘பிரிட்டிஷ்’ என்றோ ‘அமெரிக்கன்’ என்றோ ‘பூட்டிக்’ என்றோ மறைமொழியில் குறித்திருப்பர். மேற்சொன்ன நான்கையும் மனத்தில் கொண்டால் அம்மறைமொழியில் பாதி விளங்கிவிடும். ஒரு பெட்டி இந்நான்கையும் நன்றாகப் பேசுமாயின், எஞ்சிய தொண்ணூற்றாறும் நமக்குக் கூடுதற் சுமையே.

“எல்லாம் போலி, உண்மையான வால்வு ஒலிக்கு ஈடாகுமா?” என்று கேட்போர் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. ஜிம் மார்ஷலும் அவருடைய பொறியாளர் கென் பிரானும் 1962இல் தம் முதற் பெட்டியை அமைத்தபோது, அமெரிக்கப் பெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் என்ற பெட்டியின் சுற்றமைப்பை முன்வைத்தே அமைத்தனர். இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைப் பொருத்தியதனால் ஒலி வேறாயிற்று. அவ்வேறுபாடே பின்னர் புகழாயிற்று. அந்தப் பாஸ்மேனும் கித்தாருக்காகச் செய்யப்பட்டதன்று, பாஸ் கித்தாருக்காகச் செய்யப்பட்டது. மூலம், போலி என்ற வழக்கை இத்துறையில் மிக நீட்டினால் எவரும் வெல்லார்.

போலச் செய்யும் கலை ஒரே நாளில் வந்ததன்று. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1995இல் விஜி 8 என்ற கருவியில் இம்முறையைக் காட்டியது. கலிபோர்னியாவின் லைன் 6 நிறுவனம் 1996இல் இம்முறையில் இயங்கும் முழு ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டு, 1998இல் சிவப்பு நிற அவரை விதை வடிவில் ‘பாட்’ என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தது. ஒலிப்பதிவு செய்வோரிடையே அது விரைந்து பரவியது. பின்னர் 2006இல் பிராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ் எப்எக்ஸ், 2011இல் ஜெர்மனியின் கெம்பர் என விலையுயர்ந்த கருவிகள் தொழில்முறை இசைஞர்களுக்கென வந்தன. கெம்பர் கருவி தனக்கு முன் வைக்கப்பட்ட எந்த ஆம்ப்ளிஃபயரையும் செவிமடுத்து, அதன் குரலைத் தானே கற்றுக்கொள்ளும். அண்மை ஆண்டுகளில் செயற்கை நரம்பு வலையமைப்பு எனும் கணினி முறையால் இக்கற்றல் இன்னும் எளிதாகியுள்ளது.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். கித்தாரிலிருந்து வரும் மின்னலை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை, சிலவற்றில் அதனினும் மிகுதியாக, அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுகிறது. வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் ஆகியவை அவ்வலையை எவ்வாறு மாற்றியிருக்கும் என்பதைக் கூறும் கணக்கின் வழியே அவ்வெண்கள் செல்கின்றன. பின்னர் மீண்டும் மின்னலையாகி ஸ்பீக்கரை அடைகின்றன. சிதைவைக் கணக்கிடுவதே இதில் கடினம். திரைப்படத்தில் விரைந்தோடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதைக் கண்டிருப்போம். அதுபோலவே, அளவெடுக்கும் வேகத்திற்கு மிஞ்சிய மேற்சுரங்கள் இல்லாத சுரங்களாக உருமாறி இடையே புகுந்து கரகரக்கும். நல்ல பெட்டி அவற்றை நீக்க மிகுந்த கணக்கைச் செய்கிறது. மலிவான பெட்டியில் உயர்ந்த சுரத்தை மிகு சிதைவோடு மீட்டும்போது அக்கரகரப்பு சில வேளைகளில் காதில் விழும்.

இனித் தேர்வுக்கு வருவோம். கேட்க வேண்டிய முதற் கேள்வி, ஒலி எங்கே கேட்கப்போகிறது என்பதே. பெரும்பாலான நம் இல்லங்களில் அது பத்துக்குப் பத்து அடி அறை. பக்கத்து அறையில் பாட்டியார் படுத்திருப்பார். அந்த அறைக்கு மேடைப் பெட்டி தேவையில்லை. யமஹா நிறுவனம் 2011இல் டிஎச்ஆர் 10 என்ற சிறு கருவியை வெளியிட்டது. மூன்று அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டை மட்டும் கொண்டு, புத்தக அலமாரியிலே வைக்கத்தக்க அளவில், பேச்சொலி மட்டத்திலே நிறைவான நாதம் தருமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. பிற நிறுவனங்களும் இன்று இவ்வகையில் கருவிகளைச் செய்கின்றன. மேடையேறும் எண்ணம் அணுக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு இவ்வகையே போதும் என்பது நம் உறுதியான கருத்து.

மெல்லொலியில் நன்கு ஒலிப்பது எளிதன்று. அமெரிக்காவின் பிளெட்சர், மன்சன் எனும் இருவர் 1933இல் வெளியிட்ட ஆய்வு, ஒலி குறையும்போது மனிதச் செவி தாழ்ந்த சுரங்களை மிகுதியாகவும் மிக உயர்ந்த சுரங்களை ஓரளவும் இழந்துவிடுகிறது என்று காட்டியது. எனவே வீட்டில் மெல்ல வாசிக்கும் இளைஞன், தன்னையறியாமலே பாஸ் குமிழையும் டிரெபிள் குமிழையும் ஏற்றிவைத்து, நடுச்சுரத்தைத் தாழ்த்திவிடுவான். அதே அமைப்பைப் பள்ளி விழா மேடையில் உரத்து ஒலிக்கச் செய்தால், கீழே இடி முழக்கம், மேலே ஊசிக் குத்தல், நடுவே கித்தார் காணாமற்போய்விடும். குறை பெட்டியில் இல்லை. வீட்டுக்கென ஓரமைப்பு, மேடைக்கென நடுச்சுரம் மிகுந்த மற்றோரமைப்பு என இரண்டைத் தனித்தனியே சேமித்துவைக்கப் பழக வேண்டும். வாங்கும் பெட்டியில் அவ்வாறு சேமிக்க வழியுண்டா என்று பார்த்துக்கொள்க.

அடுத்தது ஸ்பீக்கர். விளம்பரங்களில் மிகக் குறைவாகவும் ஒலியில் மிக அதிகமாகவும் பேசும் உறுப்பு இதுதான். கித்தாருக்கென அமைந்த பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், வீட்டு ஸ்டீரியோவின் ஸ்பீக்கரைப் போன்றதன்று. ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சுரங்களை அது பெரும்பாலும் விழுங்கிவிடும். இக்குறையே சிதைந்த ஒலியின் கூர்முனைகளைத் தேய்த்து மென்மையாக்குகிறது. சிதைந்த ஒலியை நேரே மண்டபத்தின் ஒலியமைப்பில் செருகினால், குளவிக் கூட்டைக் கலைத்தாற்போல் ஒலிக்கும். ஆகவே மண்டபத்து மிக்சரோடு இணைக்கும் எண்ணமுடையோர், கித்தார் ஸ்பீக்கரின் தன்மையையும் சேர்த்துப் போலச் செய்து அனுப்பும் இணைப்பு பெட்டியின் பின்புறம் உள்ளதா என்று கேட்டறிதல் இன்றியமையாதது.

மற்றொன்றையும் கருதுக. பெட்டிக்குள் நூறு ஆம்ப்ளிஃபயர்கள் இருப்பினும் வெளியே இருப்பது ஒரே ஸ்பீக்கர். நாக்கு நூறாயினும் வாய் ஒன்றே. எட்டு அங்குல மலிவு ஸ்பீக்கரும் மெல்லிய அட்டைப்பலகைக் கூடும் கொண்ட பெட்டியில் நூறு குரல்களும் உடன்பிறந்தார் குரல்போல் ஒன்றாகவே கேட்கும். குறைந்த எண்ணிக்கையும் நல்ல ஸ்பீக்கரும் உடைய பெட்டியே அதனினும் மேல். இக்கருத்தைப் பெண்டர் நிறுவனமே 2019இல் செயலில் காட்டியது எனலாம். தன் பழைய டீலக்ஸ் ரிவெர்ப் என்ற 22 வாட் வால்வுப் பெட்டி ஒன்றை மட்டுமே போலச் செய்யும் டிஜிட்டல் பெட்டியை அது வெளியிட்டது. எடை வால்வுப் பெட்டியில் ஏறத்தாழ பாதி. பின்புறத்துக் குமிழால் ஆற்றலைக் கால் வாட்டுக்கும் கீழே குறைத்துக்கொள்ளலாம். ஆனால் தொடக்க நிலைப் பிள்ளைக்கு அதன் விலை மிகுதி.

வாட் கணக்கில் அதிகம் மயங்க வேண்டுவதில்லை. ஆற்றலைப் பத்து மடங்காக்கினாலும் செவிக்கு ஒலி இருமடங்காகவே தோன்றும். வீட்டுக்கு இருபது வாட் தாராளம். டிரம்ஸ் வாசிப்பவருடன் சேர்ந்து வாசிக்க ஐம்பது வாட்டும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெட்டி வேண்டுமெனில், ஆற்றலைக் குறைக்கும் விசையுள்ளதைத் தேடுக. 2016இல் வந்த பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50 என்ற பெட்டியில் ஐம்பது, இருபத்தைந்து, அரை வாட் என மூன்று நிலைகள் அமைந்திருந்தன. பிற்காலப் பெட்டிகள் பலவும் இவ்வசதியைத் தருகின்றன.

இரவில் ஹெட்போன் அணிந்து வாசிக்கலாம் என்பது மாடலிங் பெட்டியின் பெரும் நன்மை. அதிலே இரு செய்திகள் உண்டு. முதலாவது, கம்பியில்லாப் புளூடூத் ஹெட்போன் இதற்கு ஆகாது. பெட்டியின் கணக்கீட்டுக்கு ஆகும் நேரம் ஓரிரு மில்லி நொடிகளே. ஸ்பீக்கரிலிருந்து ஓரடி ஈரடி தள்ளி நிற்பதற்கு அது ஒப்பு. புளூடூத் ஒலியோ பெரும்பாலும் நூறு மில்லி நொடிக்கு மேல் பிந்தி வருவதால், விரல் ஒரு தாளத்திலும் செவி மற்றொரு தாளத்திலும் செல்லும். பின்னணிப் பாடலைக் கைப்பேசியிலிருந்து பெட்டிக்கு அனுப்ப மட்டும் புளூடூத் பயன்படும்.

இரண்டாவது, பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டியது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வகம் வகுத்துள்ள அளவின்படி 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரமே எல்லை. வீடு அமைதியாயிருக்கிறது என்று நாம் நிம்மதியடையும் அதே வேளையில், பூட்டிய அறைக்குள் பிள்ளையின் செவி இரண்டு மணி நேரம் அடிவாங்கிக்கொண்டிருக்கலாம். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்த பின்னரும் அதன் ஒலி அறை முழுவதும் தெளிவாகக் கேட்குமாயின், குமிழைப் பெற்றோர் தாமே குறைத்தல் தகும். வாசித்து முடித்தபின் காதில் ரீங்காரம் எழுகிறதா என்றும் அவ்வப்போது கேட்டுக்கொள்வது நன்று.

குமிழ்களைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு குமிழ் முகப்பிலே நேராக அமைந்த பெட்டி கற்போருக்கு நல்லது. சிறு திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடும் பெட்டியில் மாலைப் பொழுது தேடலிலே கழிந்துவிடும். ஒரு மணி நேரப் பயிற்சியில் நாற்பது நிமிடம் ஒலி தேடுவதில் போக, எஞ்சிய இருபது நிமிடம் அதே மூன்று பாடல்களின் தொடக்க வரிகள்: இது அரிதான காட்சியன்று. முதல் ஆறு மாதங்களுக்குத் தெளிந்த ஒலி ஒன்று, சற்றே சிதைந்தது ஒன்று, மிகச் சிதைந்தது ஒன்று என மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கலாம். கேட்பார்கள் என்று உறுதி கூற இயலாது.

கடையில் சோதிக்கும் முறைக்கு வருவோம். தன் சொந்தக் கித்தாரையும் கேபிளையும் பிள்ளை உடன் கொண்டுசெல்லட்டும். விற்பவரை வாசிக்கச் சொல்லாதீர்கள். தேர்ந்த விரல்களில் எந்தப் பெட்டியும் இனிக்கும். முதலில் எதிரொலி முதலிய அலங்காரங்கள் அனைத்தையும் நீக்கிவிடச் சொல்லுங்கள். குளியலறைப் பாடகருக்கு நீர்த்தொட்டி எதிரொலிப்பதுபோல், அலங்காரங்கள் குறைகளை மூடிவிடும். பின்னர் ஒலியைப் பேச்சு மட்டத்திற்குக் குறைத்து, சற்றே சிதைந்த ஒலியைத் தேர்ந்து, ஒரே தந்தியை ஒருமுறை மெல்லவும் மறுமுறை வன்மையாகவும் மீட்டச் செய்யுங்கள். மெல்ல மீட்டும்போது ஒலி தெளியவும், வன்மையாக மீட்டும்போது உறுமவும் வேண்டும். இரண்டும் ஒன்றுபோலவே ஒலித்தால் அப்பெட்டி விரலுக்குச் செவிசாய்ப்பதில்லை என்று பொருள்; எத்தனை குரல் பேசினும் அது வேண்டா. அடுத்து, கித்தாரிலுள்ள ஒலிக்குமிழைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். வால்வுப் பெட்டி அப்போது சிதைவை விட்டுத் தெளிவுக்கு வரும். நல்ல போலியும் அவ்வாறே வரும். கடைசியாக, ஒரு சுரக்கூட்டை மீட்டிவிட்டுக் கையை எடுத்து, ஒலி முற்றும் மறையும் வரை காத்திருங்கள். ஒலி படிப்படியாகத் தேய்ந்து மறைய வேண்டும், கத்தரித்தாற்போல் நின்றுவிடலாகாது. இவற்றுக்கு இருபது நிமிடம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடையை நாடுவதே மேல்.

கணினி உள்ள இல்லங்களில் ஆம்ப்ளிஃபயரே வாங்காத வழியும் உண்டு. கித்தாரைக் கணினியோடு இணைக்கும் சிறு ஆடியோ இண்டர்ஃபேஸ் கருவி ஒன்றிருந்தால், நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஹெட்போனில் வாசிக்கலாம். ஒலி மிகச் சிறப்பாகவே இருக்கும். ஆனால் படிப்புக்கென வாங்கிய கணினி இசைக்கும் பங்குபோய்விடும் என்பதை வீட்டார் சீர்தூக்கிப் பார்த்துக்கொள்க.

எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது நடுத்தரக் குடும்பத்தாரின் நியாயமான கேள்வி. 1960களின் வால்வுப் பெட்டிகள் இன்றும் மேடையில் ஒலிக்கின்றன. வால்வு தேய்ந்தால் மாற்றலாம், பாகங்களைக் கைதேர்ந்த மெக்கானிக் பற்றவைக்கலாம். டிஜிட்டல் பெட்டியின் பலகையில் பாகங்கள் கடுகளவே. பழுதானால் பெரும்பாலும் பலகையையே மாற்ற வேண்டும், சில ஆண்டுகள் கழிந்தால் பலகையும் கிடைக்காது. அன்றியும், பல பெட்டிகள் இன்று கைப்பேசிச் செயலியின் துணையை நாடுகின்றன. கைப்பேசிகள் மாறும் வேகத்தில் அச்செயலி பத்தாண்டு நிலைக்கும் என்று நம்பலாகாது. எனவே கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு, பெட்டியின் முகப்பிலுள்ள குமிழ்களை மட்டும் கொண்டு வேண்டிய ஒலியைப் பெற முடிகிறதா என்று கடையிலே பாருங்கள். முடியாதெனில், அந்தப் பெட்டியின் வாழ்நாள் அதன் செயலியின் வாழ்நாளே. பெட்டியின் உள் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் பெட்டியே முடங்கிவிட வாய்ப்புண்டு. அடிக்கடி மின்தடை நேரும் ஊர்களில், யு.பி.எஸ் இணைப்பு உள்ள இடத்திலே அவ்வேலையைச் செய்வது நன்று.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டிகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் மின்னழுத்தம் 120 வோல்ட், ஜப்பானில் 100, நம் நாட்டில் 230. அங்கே வாங்கிய பெட்டியை இங்கே நேரே செருகினால் ஒரு நொடியில் புகையாகிவிடும். பெட்டியின் பின்புறத்திலோ அடாப்டரின் மேலோ ‘100 முதல் 240 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால் அச்சமில்லை. இல்லையெனில் தக்க ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வருவதற்கு இச்சிக்கல் இல்லை.

எர்த் இணைப்பில் விளையாட்டு கூடவே கூடாது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லெஸ் ஹார்வி என்ற இளம் கித்தார் இசைஞர், 1972 மே மாதத்தில் வேல்ஸின் ஸ்வான்சி நகரில் மேடையிலே, எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்ட அளவில் மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். கித்தாரின் தந்திகள் கேபிள் வழியே ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. வாசிப்பவரின் கை தந்தியிலும் உதடு மைக்கிலும் படும்போது, இரண்டின் எர்த்தும் ஒன்றாக இல்லாவிடில் அவருடைய உடலே மின்கம்பியாகிவிடும். ஆகவே, மூன்றாம் முள்ளை ஒடித்து இரட்டைத் துளைப் பிளக்கில் செருகும் வழக்கத்தை எவ்வீட்டிலும் அனுமதிக்கலாகாது. மேடையிலும் ஆம்ப்ளிஃபயரையும் மைக் அமைப்பையும் ஒரே மின்னிணைப்பிலிருந்து எடுக்குமாறு ஒலியமைப்பாளரிடம் கேட்டுக்கொள்க. ‘ஹம்’ என்ற இரைச்சலை நீக்குவதற்கு எர்த் கம்பியைக் கழற்றிவிடுமாறு எவரேனும் அறிவுரை கூறினால், கித்தாரைப் பெட்டியிலே வைத்துப் பூட்டிவிட்டுக் கீழிறங்கலாம்.

புதியது வாங்க இயலாதோர் பழையதை வாங்கலாம். ஈராண்டுக்கு ஒருமுறை புதுவகை வருவதால், நன்னிலையிலுள்ள பழைய பெட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஒவ்வொரு குமிழையும் முழுவதும் திருகி, கரகரப்பு எழுகிறதா என்று கேளுங்கள். கித்தார் செருகும் துளையில் பிளக்கை மெல்ல அசைத்து ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடேறிய பின்னும் ஒலி மாறாதிருக்க வேண்டும். அடாப்டரும் காற்குமிழ்ப் பலகையும் உடன் தரப்படுகின்றனவா என்று கேட்பதை மறவாதீர்கள். தனியே தேடினால் அவற்றின் விலையும் அலைச்சலும் மிச்சப்படுத்திய பணத்தை விழுங்கிவிடும்.